மன அமைதிக்குச் சீன மருந்து: பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்

(மலாக்கா மாநிலத் தோட்டப்புற, நகர்ப்புற மூத்த குடிமக்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா, மெர்லிமாவ் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்தும் பிள்ளைகளின் காரிலும் வந்திருக்கும் பெரியவர்களே, பசியாறிவிட்டீர்களா? இல்லையென்றால் பேச்சு முடிந்ததும் தேநீர் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. மொழிபெயர்ப்பாளர். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பதைத் தமிழில் சொல்வதும், நீங்கள் தமிழில் சொல்வதை அவரிடம் கொண்டு சேர்ப்பதும் என் வேலை. இன்று நான் பேசப்போவது, தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் சீன மருந்துக் கடைகளில் விற்கும் மருந்துகளைப் பற்றி. மருந்தைப் பற்றிய விவரங்களோடு, மொழிபெயர்ப்பில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லப்போகிறேன்.

நான் தவறாகக் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளினிக்கில் நடந்தது. தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா வந்திருந்தார். இருதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அவரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டு முறையாக அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. முன்கையில் நீலமாகக் கன்றிய தடங்கள் இருந்தன. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றார்.

டாக்டர் வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் கேட்டேன்: "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லம்மா. இங்க குடுக்கறது மட்டும்தான்" என்றார்.

நானும் அப்படியே சொல்லிவிட்டேன். பிறகு மருந்து வாங்கும் இடத்தில் அடையாள அட்டை எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன போத்தல். கறுப்பு உருண்டைகள். மேலே சீன எழுத்து.

"இது என்னம்மா?"

"இது மருந்து இல்லம்மா. சீனக் கடை உருண்டை. தூக்கம் வரலன்னு வாங்கினேன். எட்டு எட்டா சாப்பிடணும்."

அவர் பொய் சொல்லவில்லை. 'மருந்து' என்றால் டாக்டர் கொடுப்பது. கடையில் வாங்கும் உருண்டையும், வீட்டில் காய்ச்சும் கசாயமும், ஊரிலிருந்து வந்த லேகியமும் அவருக்கு மருந்துக் கணக்கில் வராது. தவறு என் கேள்வியில் இருந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரின் அறைக்குப் போனேன். டாக்டர் திட்டவில்லை. "நல்ல வேளை, கண்ணில் பட்டது" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத்தான் இப்போது விளக்கப்போகிறேன்.

சீனக் கடையும் நாமும்

நம் ஊரில் சீனரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்கிறவர்கள். மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலுக்குச் சில அடி தூரத்தில் கம்போங் கிலிங் பள்ளிவாசல். அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீனர் ரப்பர் கன்று நட்டதுதான் இந்த நாட்டு ரப்பர் தோட்டத் தொழிலின் தொடக்கம். அந்த மரங்களை வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

தோட்டத்தில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் சீனக் கடையில் பற்று எழுதித்தான் வாங்கினோம். தலைவலித் தைலமும் இருமல் மருந்தும் அங்கேதான் கிடைத்தன. அதனால் தூக்கம் வராதபோது சீன மருந்துக் கடைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மருத்துவத்துக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

'ஆன் ஷென்' என்றால் என்ன?

தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் சீன மருந்துகளுக்குப் பொதுவாக 'ஆன் ஷென்' மருந்துகள் என்று பெயர். 'ஆன்' என்றால் அமைதிப்படுத்துவது. 'ஷென்' என்றால் நம் உணர்வு, நினைவு, மனம். சீன மருத்துவத்தின்படி இந்த மனம் குடியிருக்கும் இடம் இருதயம். நாமும் அப்படித்தானே? மனசு சரியில்லை என்று சொல்லும்போது கை நெஞ்சுக்குத்தான் போகிறது.

இங்கேதான் குழப்பம் வருகிறது. சீனத்தில் 'ஷின்' என்ற ஒரே சொல் இருதயத்தையும் மனத்தையும் குறிக்கும். மலாயில் இரத்தத்தை இறைக்கும் உறுப்பு 'ஜந்தோங்'. மனம் புண்பட்டால் சொல்வது 'ஹத்தி'. தமிழில் 'நெஞ்சு' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆகவே 'நெஞ்சு படபடக்குது' என்று கடையில் சொன்னால், மனக் கவலைக்கான உருண்டை கிடைக்கும். அதே படபடப்பு இருதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதாலும் இருக்கலாம். அதற்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், சில போத்தல்களில் 'பு ஷின்', அதாவது 'ஷின்னுக்கு வலு சேர்ப்பது' என்று பெயர் இருக்கும். அது இருதய நோய்க்கு மருந்து என்று எண்ணி, டாக்டர் கொடுத்ததைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது ஆபத்து.

உள்ளே இருப்பவை

பழமையான தூக்க மருந்துகளில் ஒன்று 'சுவான் ஸாவ் ரென் தாங்'. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலில் இருப்பது. இதில் ஐந்து சரக்குகள். முதன்மையானது ஒருவகைப் புளிப்பு இலந்தையின் கொட்டைப் பருப்பு. நம் ஊர் இலந்தையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். மற்றவை பைன் மர வேரில் வளரும் ஒரு காளான், இரண்டு வகைக் கிழங்கு வேர்கள், கடைசியாக அதிமதுரம். ஆம், தொண்டைக் கட்டுக்கு நாம் வாயில் போட்டுக்கொள்ளும் அதே அதிமதுர வகைதான்.

இந்த மருந்து தூக்கத்துக்கு உதவுகிறதா என்று ஆய்வுகள் நடந்துள்ளன. சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை. உறுதியாகச் சொல்ல அவை போதாது என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் முடிவு.

நாம் கவனிக்க வேண்டியது அதிமதுரம். எப்போதாவது ஒரு துண்டு மெல்வதால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் வாரக்கணக்கில் கசாயமாகக் குடித்தால், உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். ஏற்கெனவே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இருதயத்துக்கு டைகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பெரிய விஷயம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் குழம்புவார். காரணம் அடுப்பங்கரைச் சட்டியில் இருக்கும்.

அந்த அம்மாவின் பையில் இருந்தது 'தியான் வாங் பு ஷின் டான்'. இதில் பத்துக்கும் மேற்பட்ட சரக்குகள் உண்டு. அவற்றில் இரண்டு 'டான் ஷென்', 'டாங் குய்' என்ற வேர்கள். டான் ஷென் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போகும் என்று ஹாங்காங் மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதினார்கள். டாங் குய் வேரும் அப்படிச் செய்யக்கூடியதே. கையில் கன்றிய தடத்துக்கும், ஏறிய ஐ.என்.ஆருக்கும் டாக்டர் தேடிய காரணம் அந்தச் சின்ன போத்தலில் இருந்தது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று. பெரிய கறுப்பு உருண்டைகளைப் பழைய முறையில் தேன் சேர்த்துத்தான் உருட்டுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை என்று கணக்குப் பாருங்கள்.

சிவப்புப் பொடி: சாதிலிங்கம்

சீன மருத்துவ நூல்களில் மனத்தை அமைதிப்படுத்த 'சூ ஷா' என்ற சிவப்புக் கனிமத்தைச் சேர்ப்பதுண்டு. 'சூ ஷா ஆன் ஷென் வான்' என்ற மருந்தின் பெயரிலேயே அது இருக்கிறது. தியான் வாங் பு ஷின் டான் உருண்டைக்கும் பழைய செய்முறையில் இந்தப் பொடியை மேலே பூசுவார்கள். நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்று சொல்வது இதைத்தான். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது.

பாதரசம் உடலில் சேர்ந்தால் சிறுநீரகமும் நரம்பும் கெடும். கை நடுங்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். தூக்கத்துக்காகச் சாப்பிட்டது தூக்கத்தையே கெடுக்கக்கூடும். நம் நாட்டில் பதிவு செய்யப்படும் பாரம்பரிய மருந்தில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. சாதிலிங்கம் சேர்த்த மருந்து இந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே வெளிநாடு போன உறவினர் அன்பாக வாங்கி வந்த உருண்டை, எவரோ கைமாற்றிக் கொடுத்த பெயரில்லாப் பொடி, இவற்றை வாயில் போடுவதற்கு முன் யோசியுங்கள். இது சீன மருந்துக்கு மட்டும் சொல்வதல்ல. பெயர் இல்லாத லேகியத்துக்கும் பஸ்பத்துக்கும் இதே பேச்சுதான்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

நம் நாட்டில் 1992 முதல் தயாரித்து விற்கும் பாரம்பரிய மருந்துகளுக்குப் பதிவு கட்டாயம். பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்து, அதன் பிறகு எட்டு இலக்கம், முடிவில் டி என்ற எழுத்து இருக்கும். டி என்றால் பாரம்பரிய மருந்து. கூடவே பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். கண் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால், உண்மையான எண்ணா என்று தெரிந்துவிடும்.

பதிவு எண் என்பதற்கு என்ன பொருள்? கன உலோகம், கிருமி போன்றவற்றுக்குச் சோதித்த மருந்து என்று பொருள். உங்கள் நோய் நிச்சயம் குணமாகும் என்றோ, உங்கள் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகும் என்றோ பொருள் இல்லை. கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தரும் மூலிகைக்கு இந்த எண் இருக்காது. அப்போது என்னென்ன சரக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு இல்லாத சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டிராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 'ஒரே நாளில் வலி போச்சு, நல்லா பசிக்குது' என்று சொல்ல வைக்கும் மருந்தைச் சந்தேகப்படுங்கள். அதை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

சீன வைத்தியரிடம் போவதானால், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்படி பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அவரிடமும் கிளினிக் மாத்திரைகளைக் காட்டுங்கள். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

எப்படிச் சொல்வது?

டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள் பலர். 'சீன மருந்து சாப்பிடுறேன்னு சொன்னா கோவிச்சுக்குவாரும்மா' என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மொழி தெரியவில்லையே என்ற தயக்கமும் உண்டு. ஒரே வாக்கியம் போதும்: "டாக்டர், சாயா ஆடா மாக்கான் உபாட் சீனா." போத்தலை மேசைமேல் வைத்துவிடுங்கள். மீதியை அது சொல்லும்.

சீன மருந்துக் கடையில்: "சாயா ஆடா டாரா திங்கி" என்றால் இரத்தக் கொதிப்பு. "கெஞ்சிங் மானிஸ்" என்றால் சர்க்கரை. "சாயா மாக்கான் உபாட் சாயிர் டாரா" என்றால் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுகிறேன் என்று பொருள். இதைக் கேட்டதும் நல்ல கடைக்காரர் கையை நிறுத்திவிட்டு யோசிப்பார்.

நானும் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இப்போது 'வேற மருந்து' என்று கேட்பதில்லை. "கடையில வாங்கின உருண்டை, கசாயம், லேகியம், பொடி, டானிக், யாராச்சும் குடுத்தது, ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். பிள்ளைகளும் வீட்டில் இப்படியே கேட்கலாம்.

தூக்கம் ஏன் வரவில்லை?

கடைசியாக ஒன்று. தூக்கம் வராததற்கு 'வயசாச்சு' என்பது மட்டும் காரணம் அல்ல. சர்க்கரை கூடினால் இரவில் பலமுறை சிறுநீருக்கு எழ வேண்டும். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிட்டாலும் அப்படித்தான். வேளையை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு, மூட்டுவலி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இருதயத் துடிப்பு, எல்லாம் காரணமாகலாம். மதியம் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, மாலையில் கெட்டிக் கோப்பி குடித்தாலும் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

தூக்க மாத்திரையோ, சளிக்குத் தரும் மயக்கம் தரும் மாத்திரையோ சாப்பிடும்போது இந்த உருண்டையையும் சேர்த்தால் மயக்கம் இரட்டிப்பாகலாம். ராத்திரி குளியலறைக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எழுந்து நடக்க மாதக்கணக்காகும்.

அந்த அம்மா டாக்டர் சொன்னபடி உருண்டையை நிறுத்தினார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு சரியான இடத்துக்கு வந்தது. தூக்கம் மட்டும் உடனே வந்துவிடவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். கணவர் இறந்து, தோட்டத்து வீட்டைக் காலி செய்து, மகனின் தாமான் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்றார். "லயத்துல ராத்திரி பூரா ஏதாச்சும் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிறாங்க." அவர் பேசியதை நான் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். மனநல ஆலோசனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

துக்கம், தனிமை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது பைத்தியம் அல்ல. வைத்தியம் உண்டு. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: மாத்திரை, உருண்டை, கசாயப் பொட்டலம், லேகியம்.

2. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகை மருந்தையும் டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் தொடங்க வேண்டாம்.

3. இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் அதிமதுரம் சேர்ந்த கசாயத்தைத் தினமும் குடிக்க வேண்டாம்.

4. எம்.ஏ.எல். எண்ணும் ஹாலோகிராமும் இல்லாத பெட்டி மருந்தை வாங்க வேண்டாம்.

5. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

6. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கில் வரும் இரத்தம் நிற்காவிட்டாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 999.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். எதற்கு வாங்கினோம் என்று மறந்துபோன போத்தல் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே எந்த மொழி எழுதியிருந்தாலும் பரவாயில்லை. படித்துச் சொல்ல ஆளைத் தேடிக்கொள்ளலாம்.